விதானையாரும் சிவப்புக் கோழியும்

மொன்றியல் தமிழரில் பாதிப் பேர் இன்னும் ஒருவரையொருவர் கொல்லாமல் இருப்பதற்கு வில்லரேப் பகுதி விதானையார்தான் காரணம். மற்றப் பாதிப் பேர் கொல்ல நினைப்பது அவரைத்தான்.

சண்டை தீர்க்கும் அந்த ஊர்த்தலைவர் பதவியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குவார். மிச்ச நேரம் மற்றவர் வீட்டு வழக்கைத் தூக்குவார். வைத்தியம் ஒன்றுதான்: சண்டைக்காரரில் ஒருவரைப் பிரித்து, தன் வீட்டு பேஸ்மென்டில் நாலு நாள் வைத்துச் சோறும் புத்தியும் போடுவார். அந்தப் புத்தியைக் கேட்பதைவிட அடி வாங்குவது மேல் என்று ஆள் சமாதானமாகிவிடும்.

இரண்டாயிரத்து நாலில் நானும் உள்ளே போனேன். அண்ணனின் காரைத் தூணில் இடித்துவிட்டு, தூணைப் பிழை சொன்ன வழக்கு.

இப்பேர்ப்பட்டவருக்குப் பின்வளவில் ஐந்து கோழிகளை அடக்க முடியவில்லை. நகரசபைக்குத் தெரியாமல் வளர்த்தவை. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு மதாமின் வாயை முட்டை கொடுத்து அடைத்திருந்தார். சிவப்புக் கோழியின் வாயை எதைக் கொடுத்தும் அடைக்க முடியவில்லை. மற்றவற்றைத் தீனுக்குக் கிட்ட விடாது. வெள்ளைக் கோழியின் கழுத்தைக் கொத்தியே மொட்டையாக்கிவிட்டது. விதானையாரே சாரத்தை மடித்துக் கட்டி, காலில் ஹொக்கிக்காரரின் கவசம் போட்டுத்தான் தீன் வைக்கப் போவார்.

நான் உள்ளே போன அன்று வெள்ளைக்கு இரத்தம் வந்தது. அவர் மனைவி பிலோ அக்கா தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயிறு கோயிலால வரேக்க இது திருந்தியிருக்கவேணும். இல்லாட்டிச் சட்டிக்குள்ள."

"அவசரப்படாதையும் பிலோ. கதைச்சுத் தீர்ப்பம்."

பத்து நிமிடத்தில் உடுப்புக் கூடைக்குள் சிவப்பு, பேஸ்மென்டுக்கு வந்தது.

"தம்பி, இவவுக்கும் கொஞ்சம் இடம் விடு."

"எனக்கும் கோழிக்கும் ஒரே மருந்தோ அண்ணை?"

"ஓமடா. ரெண்டு பேரும் கொத்திப்போட்டு வந்தனீங்கள்தானே."

நாலு நாளும் வேலை முடிந்து வந்து கோழிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். "பிள்ளை, தீன் எல்லாருக்கும் பொது, கண்டியோ?" கோழி கண்ணை மூடிக்கொண்டது. நானும்தான்.

ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும் பிலோ அக்கா சட்டியோடு வாசலில் நின்றார். விதானையார் சிவப்பை இறக்கிவிட்டார். அது இல்லாத நாலு நாளில் ஆட்சி மாறியிருந்தது. மொட்டைக் கழுத்து வெள்ளை வந்து நடு மண்டையில் ஒரு கொத்து! சிவப்பு பேசாமல் வரிசையில் கடைசியாகப் போய் நின்றது.

"பாத்தீரோ பிலோ, திருந்திட்டுது!" வெற்றிக் களிப்பில் குனிந்து கவசத்தைக் கழற்றினார். வெள்ளை பாய்ந்து வந்து அவர் முழங்காலுக்குக் கீழே போட்டது ஒரு போடு.

"இப்ப எந்தக் கோழிக்கு வெங்காயம் வெட்ட?" என்றார் பிலோ அக்கா.

விதானையார் இரத்தத்தைச் சாரத்தால் துடைத்தார். பிறகு நொண்டிக்கொண்டே போய் உடுப்புக் கூடையை எடுத்தார்.

"நாலு நாள் பொறும் பிலோ."

பிலோ அக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று என் தவணையும் முடிந்தது. அண்ணன் நசுங்கின காரோடு வாசலில் வந்து ஹோர்ன் அடித்தான். "வாடா, போவம்."

"வெள்ளைக்குத் துணையா ஒராள் வேணுமாம். பேந்து வாறன்" என்றேன்.

அப்படி யாரும் கேட்கவில்லை. விதானையார் கூடையின் மற்றப் பிடியை என் பக்கம் நீட்டினார்.