டெய்லர் மாமாவின் நரம்பு வேகம்

முப்பது வருஷம் மருத்துவக் கல்லூரியில் நரம்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு டேப்பைப் பிடித்து ஒழுங்காக அளக்க எனக்கு வராது. (மாணவர்களுக்குத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.)

நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கல்வராயன் மலை முகாமுக்கு நரம்பு வேகம் அளக்கும் கருவியோடு கிளம்பிய எங்கள் ஜீப், வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால் கள்ளக்குறிச்சியிலேயே நின்றுவிட்டது.

"உன் ஊர்தானே? சாயங்காலத்துக்குள் ஒரு ஆளையாவது அளந்து காட்டு. இல்லையென்றால் இந்த ஆய்வை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன்" என்றார் என் பேராசிரியை.

விஷயம் சுலபம்தான். உச்சந்தலையில் மின்சாரத்தால் ஒரு சின்ன அடி, பிறகு பிடரியில் ஒன்று. இரண்டு தடவையும் கட்டைவிரல் துள்ளும். தலையிலிருந்து வரும் சேதி பிடரியிலிருந்து வருவதைவிட எவ்வளவு தாமதம் என்று கருவி காட்டும். இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் நரம்பின் வேகம். தெருவில் நின்று இதை விளக்கினேன். "தலையில் கரண்டு" என்றதுமே தெரு காலி.

மிஞ்சியவர் என் தாய்மாமா. டெய்லர். தீபாவளித் துணியைப் பொங்கலுக்குத் தருகிறவர். (எந்தப் பொங்கல் என்று கேட்கக் கூடாது.) அவர் கடையிலேயே கருவியை வைத்தோம்.

"முடி கொட்டுமா பாப்பா?"

"கொட்டாது மாமா."

"இருக்கறதே கம்மி. பாத்து வுடு."

டேப் எடுத்துவர மறந்திருந்தேன். மாமாவின் கழுத்தில் கிடந்ததை உருவி அளந்தேன். பன்னிரண்டு அங்குலம். கருவியைத் தட்டினேன். விரலோடு மாமாவும் துள்ளினார். கணக்குப் போட்டால், புத்தகத்தில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு வேகம்!

பேராசிரியை மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை!"

"இன்னாது, இவருக்கா வேகம்?" என்றார் வாசலில் நின்ற ஒரு அம்மா. "ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு மாசமா நடந்துக்கினு இருக்கேன்!"

மாமா டேப்பை வாங்கிக் கழுத்தில் போட்டபடி கேட்டார்: "நாலு கழிச்சியா?"

"எந்த நாலு?"

"டேப்புல மொத நாலு இஞ்சு எலி தின்னுடுச்சே. நான் எப்பவும் நாலு கழிச்சிதானே எழுதுவேன்?"

தையல் மிஷினுக்கு அடியில் நுழைந்துவிடலாம் போல இருந்தது. பேராசிரியை கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "திருத்தி எழுது. ஆய்வு உனக்குத்தான்" என்றார். எட்டு அங்குலத்தை வைத்து வகுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் இருக்கிற வேகம்தான். சந்தோஷத்தில் மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் மார்க் சொன்னாலும், சம்பளம் சொன்னாலும், "நாலு கழிச்சியா?" என்றுதான் கேட்பார்கள். என் பணி ஓய்வு விழாவில் ஒருவர் "முப்பத்து நாலு வருஷச் சேவை" என்று என்னைப் புகழ்ந்தார். முன்வரிசையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்: "பாப்பா, நாலு கழிச்சிக்கோ!"

அதனால்தான் ஆரம்பத்திலேயே முப்பது என்று எழுதிவிட்டேன்.