ஏழு சத்யபிரியாக்களும் எட்டாவது ஆளும்

திண்டுக்கல்,
சனிக்கிழமை காலை.

ஆயக்குடியில் புகுந்த வீட்டுக் கொய்யாத் தோப்பில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் அன்பு மருமகள் சத்யபிரியாவுக்கு, உன் அம்மாவின் ஒரே அண்ணனும், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதில் நாற்பது வருஷம் இந்த மாவட்டத்தையே ஆண்டு இளைப்பாறுபவனுமாகிய தண்டாயுதபாணி மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அத்தை கனகா நலம். நேற்றிலிருந்து முப்பத்தாறு தடவை கூப்பிட்டும் உன் போன் அணைந்தே கிடப்பதால், நீ கோபமாகவும் நலமாகவும் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றைச் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்: இதில் வரும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய், உன் மாமியார் நம்பமாட்டார், எழுதுகிற எனக்கே பாதிக்கு மேல் சந்தேகமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பழனி பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி நீ சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மாமா, நம்ம பஸ் நேரம் காட்டுற ஆப்புக்கு யாரு அதிகமா வேலை பார்த்தாங்கன்னு பெங்களூரு மாநாட்டுக்காரங்க நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லிஸ்டப் பாப்பாங்க. மொதப் பேரு யாரோ அவங்களத்தான் மேடையில பேசக் கூப்பிடுவாங்க. என் பேரு ஏழு துண்டாக் கெடக்கு. ஒரே ஆளோட பல பேரயும் ஒண்ணாச் சேக்குற அந்த மெயில்மேப் கோப்புல இடது பக்கம் என் நிசப் பேரும் மெயிலும், வலது பக்கம் பழைய பேரு ஒவ்வொண்ணும் போட்டுருங்க. அம்புட்டுத்தான்." நான் சொன்னேன்: "ஏத்தா, ஒரே பத்திரிகையில நானூறு பங்காளிய வெட்டுக்குத்து இல்லாம ஏத்துனவன் நான். இதெல்லாம் வெஞ்சனத்துக்கு உப்புப் போடுற வேல. நீ போய்ட்டு வாத்தா."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். திறந்ததும் மின்சாரம் போய், திரும்பி வந்த வேகத்தில் செருகாத மிக்சி தானாகச் சுற்றி, சிறுமலையிலிருந்து ஒரு குரங்கு குடும்பத்தோடு இறங்கி வந்து எட்டிப் பார்த்தது. அதெல்லாம் சின்ன விஷயம். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், வாசலில் ஏழு சத்யபிரியாக்கள்! கல்லூரி மெயிலோடு புத்தகப் பை மாட்டிய மு. சத்யபிரியா, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கம்பெனி சத்யபிரியா, கல்யாணமான கையோடு இனிஷியலைத் தொலைத்துப் புருஷன் பெயரைப் பின்னால் கட்டிக்கொண்ட சத்யபிரியா ராஜ்கமல், வெறும் பிரியா, உன் அப்பா முருகேசன் கம்ப்யூட்டரில் 'பாப்பா' என்று பதிந்தவள், உன் புருஷன் லேப்டாப்பில் வேலை பார்த்ததால், இந்த ஆப்பில் ஒரு புள்ளிகூட வைக்காத ராஜ்கமலின் மீசையோடு வந்து நின்றவள், புது மெஷினில் பெயர் வைக்கவே மறந்துபோனதால் முகமே இல்லாமல் 'யூசர்' என்று ஒருத்தி. ஏழு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, "நான்தான் வேல பார்த்தேன், எம்பேருதான் மேல வரணும்" என்று ஒரே கூச்சல். இவர்களுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு எட்டாவதாக ஒரு பெண்ணும் நின்று, "எம்பேரு எங்க?" என்றாள். கூட்டத்தில் அவள் யாரென்று நான் சரியாகக் கவனிக்கவில்லை.

ஏழு பேரும் செய்த வேலையைக் கூட்டினால் ஆயிரத்து நானூறு திருத்தம் தேறும். ஆனால் பட்டியலில் முதலில் நிற்பவன் யார்? உன் கூட்டாளி மிக்கேல்ராஜ். காலையில் ஒரு புள்ளி வைப்பான், சாயங்காலம் அதை எடுப்பான், இரண்டும் அவன் பெயரில் ஏறும். பிறந்ததிலிருந்து ஒரே பெயர், ஒரே மெயில். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது யாரும் அவன் பெயரில் கை வைக்கவில்லை. நீயோ ஏழு ஆளாக உழைத்து ஏழு இடத்தில் தோற்றுக்கொண்டிருந்தாய்.

சண்டை முற்றிவிட்டது. பத்திரிகையில் பெயர் வரிசைக்காகச் சம்பந்திகள் முறைத்துக்கொண்டால் அச்சுத் தொழிலில் ஒரே மருந்துதான்: தாய்மாமன் பெயரைத் தூக்கி உச்சியில் போடு, இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்ளும். அதே மருந்தைக் கொடுத்தேன். இடது பக்கம் தண்டாயுதபாணி, என் மெயில். வலது பக்கம் நீங்கள் ஏழு பேர். கூடம் அமைதியானது. எரியோடு, சித்தையன்கோட்டை, ஆயக்குடி என்று மூன்றே மூன்று நிறுத்தத்தின் பெயரைத் திருத்தியிருந்த நான், ஒரு வரியில் மொத்த ஆப்பையும் எழுதியவன் ஆகிவிட்டேன்.

உடனே மிக்கேல்ராஜ் போனில் வந்தான். "என்ன மாமா, ஒரே காலையில ஆயிரத்து நானூறா?"

"ஆமாப்பு. ரிட்டயரானா வேகம் கூடும்."

அவன்தான் அந்தப் பட்டியலைப் படம் பிடித்து நம் ஆப் குழுவில் போட்டது; நீயும் அதைப் பார்த்துத்தான் போனை அணைத்திருக்கிறாய். அடுத்து உன் அம்மா காளியம்மாள். "ஏண்ணே, எம்புள்ள பேர முழுங்கிட்டியாமே, செமிச்சுச்சா?"

செரித்துவிட்டது. ஆகவே பெங்களூருவில் நானே பேசுகிறேன். பட்டுச் சட்டைக்குச் சொல்லியாயிற்று. 'நானும் என் ஆயிரத்து நானூறும்' என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேர உரையும் தயார். உனக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன், வந்து கை தட்டு.

உன் குலமும் கொய்யாவும் தழைக்க, உன் மாமியாருக்கு மூட்டுவலி தீர, மாப்பிள்ளை தன் லேப்டாப்பைத் தானே வைத்துக்கொள்ள ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
தண்டாயுதபாணி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துவிடு. குரங்கு வரவில்லை, ஏழு பேர் வரவில்லை, எந்தச் சண்டையும் நடக்கவில்லை. பழக்கதோஷத்தில் கை தானாக என் பெயரை மேலே போட்டது. பதினொரு நிமிஷம் அப்படியே இருந்தது; நானும் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்பே சரியாகிவிட்டது. முதல் பெயர் நீதான், பேசப்போவதும் நீதான். மாநாட்டுக்காரர்கள் வெளியிட்ட பக்கத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். போனை உயிர்ப்பித்து மெயிலைப் பார்.

ஆனால் அந்த எட்டாவது ஆள் மட்டும் நிஜம். காப்பியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்த உன் அத்தை கேட்டாள்: "நாப்பது வருசம் அம்புட்டுப் பத்திரிகையும் டைப் அடிச்சது நானு. நம்ம வீட்டுப் பத்திரிகையில எம்பேரு என்னன்னு போட்டீங்க? திருமதி தண்டாயுதபாணி. இப்ப அந்தப் புள்ளயையும் முழுங்கியாச்சா? தள்ளி உக்காருங்க." உன் பெயரை இடது பக்கம் ஏற்றிச் சரிசெய்தவள் அவள். என் லேப்டாப் என்பதால் அந்தத் திருத்தமும் என் பெயரில்தான் பதிந்திருக்கிறது. அதை மாற்ற ஏதாவது வழி இருந்தால் பார். கனகா என்று மட்டும் போடு, திருமதி வேண்டாமாம்.