கார்பன் சார் தூக்கிய கொடி

கார்பன் சார் அளவுக்கு ஒரு கால்பந்து அணியால் வதைக்கப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை. வேறு யாராக இருந்தாலும் சன்னியாசம் வாங்கிக்கொண்டு பொதிகை மலை ஏறியிருப்பார்கள். எங்கள் சார் ஏறவில்லை. பாளையங்கோட்டையில், எங்கள் கல்லூரி மைதானத்துக்கு எதிரே ஒரு மாடியில், ஒன்பது டைப்ரைட்டர்களோடு பயிற்சி நிலையம் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களை ஜெயிக்காத அணி சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அம்பாசமுத்திரம் போனால் அங்கே போய்த் தோற்போம். வள்ளியூர்க்காரர்கள் இங்கே வந்தால் மோர் கொடுத்து உட்காரவைத்துத் தோற்போம். ஒருமுறை எதிரணியின் பஸ் வழியில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. ஆடாமலே ஜெயிக்கப்போகிறோம் என்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஐந்து நிமிஷத்தில் வைக்கோல் லாரி ஒன்றில் வந்து குதித்தார்கள். நாலு கோல் போட்டுவிட்டு அதே லாரியில் ஏறிப் போனார்கள்.

ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் காலை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒரு கடிதம் தொங்கும். டைப் அடித்தது. மூலப் பிரதி எங்கள் கேப்டன் இசக்கிக்கு. கார்பன் நகல்கள் உடற்கல்வி இயக்குநருக்கும், முதல்வருக்கும், விடுதிச் சமையல்காரருக்கும். சமையல்காரருக்கு எதற்கென்றால், ‘ஆட்ட நாளன்று இவர்களுக்கு நாலு இட்லிக்கு மேல் வைக்கலாகாது’ என்று கடைசிப் பத்தி இருக்கும். அந்த நகல்களால் வந்த பெயர்தான் கார்பன் சார். சொந்தப் பெயர் அவருடைய சான்றிதழ்களில் எங்கேயாவது இருந்திருக்கலாம்.

எனக்கென்று வந்த கடிதம் ஒன்று இன்னும் மனப்பாடம். ‘பொருள்: இடதுபக்க முன்கள வீரரின் கால்கள் தொடர்பாக. மேற்படி கால்கள் இரண்டும் ஒரே ஆளுக்குச் சொந்தமானவைதானா என்பதை விசாரித்துத் தெரிவிக்கவும்.’

இதோடு விட்டாரா? தன்னிடம் டைப் படிக்க வருகிறவர்களுக்குப் பயிற்சிப் பாடமாகவும் எங்களைத்தான் கொடுத்தார். எங்கள் கோல்கீப்பர் அந்தோணி, முக்கூடலிலிருந்து டைப் படிக்க வரும் ஒரு பெண்ணிடம் மூன்று மாதம் தைரியம் சேர்த்து, பஸ் ஸ்டாப்பில் போய்த் தன் பெயரைச் சொன்னான். அந்தப் பெண் கண்கள் விரியக் கேட்டாள்.

“ரெண்டு காலுக்கு நடுவுல பந்த விட்ட அந்தோணியா? ஒங்களப் பத்தி இருவது பக்கம் டைப் அடிச்சிருக்கேன்.”

அந்தோணி அதற்கப்புறம் அந்த பஸ் ஸ்டாப் வழியாகவே போகவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். சார் எங்களை மட்டும் இப்படிப் படுத்தவில்லை. தப்பு என்று ஒன்று உலகத்தில் எங்கே இருந்தாலும் அவர் கண் அதைத் தேடிக்கொண்டு போய்விடும். மூக்கில் ஒரு கண்ணாடி, காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். பிள்ளைகள் அடித்த தாளில் ஒரு எழுத்து மயிரிழை மேலே ஏறியிருந்தாலும் சுழிப்பார். தன் கல்யாணப் பத்திரிகையில் அச்சகக்காரன் விட்ட பிழையை, அத்தனை பத்திரிகையிலும் சிவப்பில் சுழித்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுத்தாராம். பெண்வீட்டார் பயந்துபோய் ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்ததாக அவர் மனைவி கோமதி அக்காவே சொல்லிச் சிரிப்பார். அக்கா அந்த நிலையத்தில் தமிழ் மெஷின் சொல்லிக்கொடுத்தார். சார் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வரும் நாட்களில் இங்கிலீஷ் மெஷினும் அவரே.

அந்த வருஷக் கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு கல்லூரி அலுவலக டைப்பிஸ்ட் லீவில் போனார். அவசரச் சுற்றறிக்கை ஒன்று அடிக்க வேண்டுமென்று ஆபீஸ் பையன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சார் அடித்தார். அடித்து முடித்துத் தானே எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். எங்கள் முன்னால் நின்றார். ஏசவில்லை. தாளை நீட்டினார்.

கடைசி மண்டல ஆட்டத்திலும் வெல்லாவிட்டால் கால்பந்து அணி கலைக்கப்படும். மைதானத்தில் கிரிக்கெட் வலை கட்டப்படும்.

“என் கையால அடிச்சேம்லே,” என்றார். “ஒரு தப்பு இல்ல பாருங்க. ஒரு எழுத்து பிசகல.”

தாள் படபடத்தது. காற்றே இல்லை அன்றைக்கு.

அந்தப் பத்து நாளும் விடியாத கருக்கலிலேயே மைதானத்தில் வந்து நின்றார். வாழ்நாளில் ஒரு பந்தைக் காலால் தொட்டறியாத மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு ஓடினார். மூன்றாவது சுற்றில் இருமிக்கொண்டே, “நிக்காதிய லே, நிக்காதிய, நான் செத்தாலும் நிக்காதிய,” என்று கையை ஆட்டினார்.

வந்தது கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி. வலையிழுத்து வளர்ந்த பையன்கள். மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள், புல்லில் ஓடினால் பறக்கிற மாதிரி இருக்கும். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எங்கள் தடுப்பாளன் ஒருவன் ஷூ லேசை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினான். முதல்வர் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மாடி ஜன்னலில் டைப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். டைப்ரைட்டர் சத்தம் இல்லாத அந்தத் தெரு, மூச்சுப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஆட்டம் தொடங்கும் நேரம். கோட்டோரம் கொடி பிடித்து ஓடவேண்டிய லைன்ஸ்மேன் இரண்டு பேரில் ஒருவரைக் காணோம். வள்ளியூரிலிருந்து வருகிறவர், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். ரெஃப்ரி கொடியை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஆட்டத்தின் விதிகளை எழுத்து விடாமல் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான் இருந்தார்.

“என்னிய விட்டுருங்க வே,” சார் பின்வாங்கினார். “நான் பாதி ஆட்டம் கண்ண மூடிக்கிட்டு நிக்க ஆளு. நெஞ்சு தாங்காது.”

கடற்கரைக் கோச் சிரித்தார். “இந்தாளே போதும் வே. வந்ததுல இருந்து பாக்கேன், எங்கள விட இவருதான் அவனுகள ஏசுதாரு.”

கொடி சாரின் கைக்குப் போனது. சிவப்புப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதல் பாதி. சார் நின்ற பக்கம் எங்கள் கோல். கடற்கரைப் பையன் ஒருவன் எங்கள் தடுப்பைப் பிளந்துகொண்டு ஓடினான். ஆஃப்சைடு என்று எங்கள் ஆட்கள் நாலு பேரும் வகுப்பில் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தடுப்பாளர்களைத் தாண்டி முன்கூட்டியே போய் நின்று பந்து வாங்கினால்தான் ஆஃப்சைடு. அவன் தாண்டி நிற்கவில்லை, ஓடிவந்தான். சார் வேப்பங்கொழுந்து மென்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

“சார், கொடி!” இசக்கி கத்தினான்.

கொடி தரையைப் பார்த்தபடி இருந்தது. கோல்.

அதற்கப்புறம் எங்களுக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை. பயம் ஒரு அளவுக்கு மேலே போனால் கால்கள் தாமாகவே ஆட ஆரம்பித்துவிடும் போல. இடைவேளை முடிந்து பக்கம் மாறினோம். இப்போது சார் நின்ற பக்கம் எதிரணியின் கோல். அந்தோணி மூன்று பந்துகளை நெஞ்சால், முகத்தால், ஒன்றை முதுகால் தடுத்தான். முடிய இருபது நிமிஷம் இருக்கையில் இசக்கி தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து, அவர்கள் கோல்கீப்பரின் கையில் வழுக்கி உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. முதல்வர் குடையை மடக்கினார். இன்னும் ஒரு கோல். ஒன்றே ஒன்று. வெயில் சாய்ந்து மைதானத்தில் எங்கள் நிழல்கள் எங்களை விட வேகமாக ஓடின. சார் கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தார், வேட்டி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம், கண்கள் மட்டும் கோட்டின் மேல். லைன்ஸ்மேன் பேசக்கூடாது என்று விதி. பத்து வருஷத்து ஏச்சு அத்தனையும் அவர் தொண்டைக்குள் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது.

ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இசக்கி பந்தை உயர்த்திப் போட்டான். அது எல்லாத் தலைகளுக்கும் மேலே மிதந்து என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் கோல்கீப்பர் ஒருவன்தான். என் இரண்டு கால்களும் அன்றைக்கு ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்தன. அடித்தேன். வலை உப்பியது.

மாடியில் பிள்ளைகள் வீறிட்டார்கள். அந்தோணி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தான். நான் திரும்பினேன்.

கொடி மேலே நின்றது. ஆள் கீழே உட்கார்ந்திருந்தார். கால்கள் மடங்கிக் கோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கை மட்டும் கொடியோடு நேரே வானத்தைப் பார்த்துக்கொண்டு, நடுங்காமல்.

“இறக்குங்க சார்!” ஓடிப்போய் அவர் முன்னால் விழுந்தேன். “ரெஃப்ரி இன்னும் பாக்கல சார். இறக்கிருங்க.”

“முடியலலே,” என்றார். முகமெல்லாம் தண்ணீர். “நான் பாத்துட்டேம்லே.”

ரெஃப்ரி பார்த்தார். விசில் ஊதினார். கோல் இல்லை. அடுத்த விசிலில் ஆட்டமும் இல்லை, அணியும் இல்லை.

அவர்கள் தடுப்பாளர்களைத் தாண்டி ஒரு எட்டு முன்னால்தான் நின்றேன். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் அரை எட்டு என்று சொல்லிவருகிறேன்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் கடிதம் இல்லை. ஒரு வாரத்தில் மைதானத்தில் குழி தோண்டிக் கம்பு நட்டார்கள். நாங்கள் அந்த மாடிப்படியைக் கடக்கும்போது தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனோம். இசக்கி மட்டும் காறித் துப்பினான். இரண்டு வாரம் அப்படிப் போனது.

ஒருநாள் கோமதி அக்கா விடுதி வாசலில் வந்து நின்றார்.

“ஏலே தம்பிகளா, ஒங்க சார் தப்பச் சுழிக்க மாட்டேங்காரு.”

“சுழிக்க மாட்டேங்காரா?” என்றான் அந்தோணி.

“நேத்து ஒரு பிள்ள முழு வரிய விட்டுட்டு அடிச்சிருக்கு. தாள வாங்கிப் பாத்துட்டு, பரவால்லங்காரு. சாம்பார்ல உப்பில்ல, பரவால்லங்காரு. பத்து வருசமா இந்த மனுசன் வாய்ல அந்த வார்த்தைய நான் கேட்டதில்ல.” அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “எனக்குப் பயமா இருக்குலே. நீங்க எங்கனயாவது பைய ஒரு ஆட்டம் ஆடுங்களேன். நான் கூட்டிட்டு வாரேன்.”

“அவருக்காக நான் ஆட மாட்டேன்,” என்றான் இசக்கி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொக்கிரகுளத்துக்குக் கீழே ஆற்று மணலுக்கு முதலில் வந்து சேர்ந்தவன் அவன்தான்.

கம்புக்குப் பதில் சட்டைகளைக் குவித்துக் கோல் வைத்தோம். பதினோரு பேரும் இரண்டாகப் பிரிந்துகொண்டோம். அக்கா சாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். காதில் பென்சில் இல்லை. மணலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை ஏசவைப்பதற்காக வேண்டுமென்றே கேவலமாக ஆடினோம். அந்தோணி உருண்டு வந்த பந்தைக் கும்பிட்டு வழியனுப்பினான். சார் அசையவில்லை. நான் ஆளில்லாத கோலைத் தவறவிட்டேன். அது மட்டும் வேண்டுமென்று செய்ததில்லை. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு உள்ளூரப் பயம் பிடித்தது.

அடுத்த அடியில் பந்து மணலைத் தாண்டி ஆற்றில் விழுந்தது. தாமிரபரணி அதை வாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கடலைப் பார்த்து நடத்திக்கொண்டு போனது. அணி இல்லை, ஆட்டம் இல்லை, இனிப் பந்து எதற்கு? நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“லே! பந்துலே! பாத்துக்கிட்டா நிக்கிய, மூதிகளா!”

கண்ணாடியோடு, சட்டையோடு, சார் ஆற்றில் பாய்ந்தார். அங்கே ஒரு கசம் உண்டு. ஆளையே முழுங்கும் ஆழம்.

“அவருக்கு நீச்சு தெரியாதுலே!” அக்கா அலறினார்.

பதினோரு பேரும் குதித்தோம். யார் எங்கே பாய்ந்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு கை, ஒரு காலர், ஒரு கொத்து மயிர். கால் பாவும் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது இசக்கி அவருடைய இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். அந்தோணி தலையைத் தண்ணீர் படாமல் ஏந்தியிருந்தான். மற்றவர்கள் சுற்றிலும், தோளோடு தோளாக, ஆற்றின் இழுவைக்குக் குறுக்கே காலூன்றி நின்றோம். பந்து எங்கேயோ போய்விட்டது. சார் இருமினார், ஒரு வாய் ஆற்றைத் துப்பினார். கண்ணாடி இல்லாத கண்களால் எங்களை ஒவ்வொருவராக எண்ணுவது போலப் பார்த்தார்.

“இப்பத்தாம்லே எல்லாவனும் எடம் பாத்து நிக்கிய,” என்றார்.

கரை நாலே எட்டுதான். நாங்கள் கொஞ்ச நேரம் அவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம்.