ஷரத்து சாருக்கு வந்த விமர்சனம்

கருத்துச் சுதந்திரக் காவலர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. நம் ஆள் அந்த இனத்தில் முதல் ரகம். ஓய்வுபெற்ற வக்கீல். வாயைத் திறந்தால் அரசியல் சாசனத்தின் ஏதாவதொரு ஷரத்து எகிறிக் குதிக்கும் என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்பே அவரை 'ஷரத்து சார்' என்றது. பால் திரிந்தாலும் ஷரத்து. பல் வலித்தாலும் ஷரத்து.

வாழ்நாளெல்லாம் காத்திருந்த வழக்கு, கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்த அக்காவால் வந்தது. மூன்று மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. "லிஃப்டும் சங்கத் தலைவரும் சேர்ந்து தூங்குகிறார்கள்" என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார் அக்கா. குடியிருப்போர் சங்கத் தலைவர் அதைக் கிழித்தெறிந்ததோடு, கடையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் நீட்டினார்.

ஷரத்து சாருக்கு இருபது வயது குறைந்துவிட்டது! நான்கு மாடி ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். பழைய கறுப்புக் கோட்டைத் தூசு தட்டி மாட்டிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனார். ஜனநாயகம், பேச்சுரிமை, நீதிமன்றத் தீர்ப்பு என்று தலைவருக்கு வியர்த்துக் கொட்டும்வரை முழங்கினார்.

"விமர்சனம் கசக்கும்யா! கசந்தா முழுங்கணும், கிழிக்கக் கூடாது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடிதம் வாபஸ். பலகையில் யார் எதை ஒட்டினாலும் கிழிக்கக் கூடாதென்று சங்க விதிகளில் புது ஷரத்தே ஏறியது. எழுதிக் கொடுத்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலை பலகையில் புதுத் தாள். "வக்கீல் சார் ஸ்கூட்டரைப் படிக்கட்டை மறித்து நிறுத்துகிறார். லிஃப்டும் இல்லை, படியும் இல்லை, நாங்கள் பறப்பதா? இப்படிக்கு, தையல் கடை."

"அவதூறு! மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பறேன்!" என்று வீட்டுக்குள் குதித்தார் ஷரத்து சார்.

"விமர்சனத்தை முழுங்கணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மனைவி.

"அது தலைவருக்குச் சொன்னதுடி!"

"வண்டி படியை மறிச்சுதானே நிக்குது?"

"நிக்கட்டும்! சொல்றதுக்குன்னு ஒரு முறை இல்லையா?"

நோட்டீஸும் கையுமாகத் தையல் கடைக்குப் போனார். அக்கா நிதானமாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார். இதையும் பலகையில ஒட்டுங்க, உங்களுக்கும் உரிமை இருக்கில்ல? குண்டூசி தரட்டுமா?"

பலகை முன்னால் போய் நின்றார். கை தானாக அக்காவின் தாளைப் பிடித்தது. பின்னாலிருந்து தேன் ஒழுக ஒரு குரல். சங்கத் தலைவர்!

"கிழிங்க சார். நான் பாக்கல."

சூடு பட்டதுபோல் கை கீழே வந்தது. முகம் வெந்துபோக விறுவிறுவென்று நடந்து, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் மதிலோரம் நிறுத்தினார். திரும்பிவந்து தன் பங்குக்கு ஒரு தாள் ஒட்டினார்: "வண்டி நகர்த்தப்பட்டது. வாசகத்தின் நடை மட்டும் கண்டிக்கத்தக்கது."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், போன வாரம் உங்கள் மைத்துனரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கியது யார்? சும்மாதான் கேட்டேன். அதற்குள் முகம் ஏன் அப்படிச் சிவக்கிறது?