எட்டாவது மாணவனாக நான் சேர்ந்த விவரம்

அடிலெய்டில் வாழும் அன்பு அக்கா டோரீனுக்கு,

கோதுமைக் காட்டிலிருந்து தம்பி மெர்வின் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் கிளெனிசும் மகள் டாம்சினும் முன்னூற்று நாற்பது ஆடுகளும் சுகம். மழைக்குத்தான் எங்கள் மேல் இன்னும் இரக்கம் வரவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஐம்பத்துமூன்று வயதில் நான் பள்ளிக்கூடம் போவதாக யாரோ உனக்குப் போன் போட்டார்களாம். "அவனுக்கு வெயில் தலைக்கேறிடுச்சா?" என்று நீ கேட்டாயாம். ஏறவில்லை அக்கா. நடந்ததைக் கேட்டுவிட்டு நீயே தீர்ப்புச் சொல்.

பதினோராம் வகுப்பில் டாம்சினுக்கு உயர்கணிதமும் கணினி அறிவியலும் என்று பட்டியல் வந்தது. மறுவாரமே இரண்டு பாடமும் ரத்து என்று இன்னொரு தாள் வந்தது. வேண்டுமென்றால் இணையத்தில் படிக்கலாமாம். எங்கள் வீட்டு இணையம் காற்றடித்தால் படுத்துவிடும், இங்கே காற்றடிக்காத நாளே கிடையாது. நேரே தலைமையாசிரியை மிசஸ் லாங்க்கிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"எட்டுப் பேர் சேந்தாதான் பாடம் நடக்கும், மெர்வின். ஏழு பேர்தான் இருக்காங்க. நான் என்ன பண்றது?"

"அதுக்காகத் திங்கக்கிழமைக்குள்ள இன்னொரு பிள்ளையப் பெத்துத் தரச் சொல்றீங்களா?"

"பிள்ளையாத்தான் இருக்கணும்னு விதியில இல்லையே" என்று அந்த அம்மாள் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் சேர்க்கைப் படிவத்தை இழுத்து எட்டாவது ஆளாக நானே கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்த பிறகுதான், பதினாலு வயதில் அறுவடைக்கு ஆள் இல்லை என்று அப்பா என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தியதே ஞாபகம் வந்தது.

முதல் நாளே நாற்காலி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது, மூன்று பிள்ளைகள் சேர்ந்து என்னைப் பிடுங்கினார்கள். டீச்சர் மிஸ் பெட்ராக்கிஸுக்கு இருபத்துநாலு வயது. எங்கள் நாய் அவரைவிடக் கொஞ்சந்தான் இளையது. ஒருநாள் அவர் ஒரு கணக்குக் கொடுத்தார்: ஆற்றங்கரையில் ஒரு விவசாயி, இருநூறு மீட்டர் வேலி, ஆற்றுப் பக்கம் வேலி தேவையில்லை, அதிகபட்சம் எவ்வளவு நிலத்தை வளைக்கலாம்? நான் கை தூக்கினேன். "அப்பா, கெஞ்சிக் கேக்கறேன், கையக் கீழ போடுங்க" என்றாள் டாம்சின். எப்படிப் போடுவது?

"வேலிக்குக் கேட்டு எங்க வைக்கறது, டீச்சர்?"

"கேட்டு இல்ல, மிஸ்டர் பாஸ்கோ."

"அப்ப விவசாயி உள்ள எப்படிப் போவான்? சரி, கோடையில ஆறு வத்தினா ஆடெல்லாம் அக்கரைக்குப் போயிடுமே?"

"இது கணக்குல இருக்கற ஆறு, வத்தாது!"

"அந்த மாதிரி ஆறு ஒண்ணு எங்க இருக்குன்னு சொல்லுங்க, நாளைக்கே குடிபோறேன்."

மணி அடித்துவிட்டது. விடை மட்டும் வரவில்லை.

கணினி வகுப்பில் இதைவிட மோசம். தொட்டி நிறையும்வரை 'இன்னும் நிறையவில்லை' என்று அச்சிட்டுக்கொண்டே இரு என்று நிரல் எழுதினேன். தொட்டியில் தண்ணீர் விடும் வரியை எழுத மறந்துபோனேன். தண்ணீர் விடாத தொட்டி எப்படி நிறையும்? நூலகத்து அச்சு இயந்திரம், பள்ளிக்கூடத்துத் தேர்வுக்கு வைத்திருந்த காகிதம் மொத்தத்தையும் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. தண்டனையாக மதிய இடைவேளையில் என்னை வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். வீட்டில் பெரியவர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிச் சீட்டு வேறு. கிளெனிஸ் கையெழுத்துப் போட்டு, கீழே "இங்கேயும் சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று எழுதியனுப்பினாள்.

ஆனால் அக்கா, போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. ஒரு வளைகோட்டின் உச்சியில் சரிவு எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். நம் பின்மேட்டில் டிராக்டர் ஏறும்போது தேநீர்க் குவளை பின்னால் சாயும், இறங்கும்போது முன்னால் சாயும். உச்சியில் ஒரு கணம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். "பூஜ்யம்!" என்று கத்திவிட்டேன். மிஸ் பெட்ராக்கிஸ் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். இத்தனை நாள் என்னை யாரோ போலப் பார்த்த டாம்சின் திரும்பி, எல்லார் முன்னாலும் "எங்கப்பா!" என்றாள். அன்று முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

ஆகவே மகளுக்காக இந்த வருஷம் முழுக்கப் போகத்தான் போகிறேன். அத்தானுக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் சுகமாகவும் எங்களைக் கொஞ்சம் ஈரமாகவும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டுப்பாடம் பாக்கியுள்ள தம்பி,
மெர்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், டாம்சின் வந்து அழுகிறாள். "நான் தச்சுவேலைதான்பா கேட்டிருந்தேன். ஆபீஸ்லதான் தப்பாப் போட்டுட்டாங்க. நீங்க எனக்காகக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னப்ப எப்படிப்பா சொல்றது?" திங்கட்கிழமை அவள் தச்சுக்கூடத்துக்குப் போகிறாள். போகட்டும், அவள் இஷ்டம். ஆனால் மறுபடி ஏழு பேராகிவிட்டோம், எனக்கோ வியாழக்கிழமை தேர்வு. அதனால் மிசஸ் லாங்க்குக்குப் போன் போட்டு, எட்டாவது ஆளாக உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில் ஏறிவிடு அக்கா, மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறோம்.