நான்காம் தட்டில் மிச்சமான இடம்

பிரீசரில் இடம் மிச்சம் பிடித்தவர்களின் வரலாறு என்றாவது எழுதப்படுமானால், முதற் பக்கத்திலேயே வட்டுக்கோட்டைப் பெண் ஒருத்தியின் பெயர் இருக்கும். தன்னடக்கம் காரணமாக அதை நான் சொல்லப்போவதில்லை.

அரியாலையில் உள்ள எங்கள் உயிரணு சிகிச்சை நிலையத்தில் பிரீசர் ஒன்று. தட்டுகள் நான்கு. எங்கள் ஊரில் ரியூப்லைற்கூட அன்பளித்தவர் பெயரில்லாமல் எரியாது. ஆகவே மேல் மூன்று தட்டுகளிலும் வெளிநாட்டு அன்பர்களின் பித்தளைப் பெயர்ப்பலகைகள். அவர்கள் குடும்பத்தில் யாருக்காவது எப்போதாவது தேவைப்படலாம் என்று அவை வெறுமையாகவே "பாதுகாக்கப்படுகின்றன". நோயாளிகளிடம் எடுத்து வளர்த்து, ஆளுக்கு மூன்று பையாக உறையவைத்த உயிரணுக்கள் எல்லாவற்றுக்கும் நான்காம் தட்டு. அது நிரம்பிவிட்டது.

"இட மீட்பு உயர்மட்டக் குழு" கூடியது. பணிப்பாளர் நேசராஜா சேர், நிர்வாகி பொன்மலர் அக்கா, விஞ்ஞானப் பட்டதாரி நான்.

"மேல்தட்டிலை வைக்கேலாதோ, சேர்?" என்று அக்கா கேட்டா.

"பேர் போட்டாச்சு. அவையள் லீவிலை வந்து திறந்து பார்த்தால்?"

"அப்ப ஒரு ஆளுக்கு ஏன் மூண்டு பை? ஒண்டாக்கினால் என்ன?"

"அருமை! மிஸ், செய்யலாம்தானே?"

மூன்று பையும் மாதம் ஒன்றாக ஏற்றுவதற்கு. ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைத்தால் உயிரணுக்கள் செத்துப்போகும். இதை நான் தெளிவாக, ஆதாரங்களுடன், மனதுக்குள் எடுத்துரைத்தேன்.

வாய், "ஓம், சேர்" என்றது.

முதற் "பயனாளி" குருநகர்க் கடற்தொழிலாளி கனிசியஸ் ஐயா. காலில் ஆறாத புண். அவருடைய உயிரணுக்கள் முழுவதையும் ஒரே பையில் உறையவைத்தேன். மிச்சமான இரண்டு பை இடத்தில், சாதனையைப் பாராட்டி, எனக்கும் ஒரு பித்தளைப் பலகை பொருத்தினார்கள். இடம் சரியாக இருந்தது.

பையை உருக்கி, மூன்றில் ஒரு பங்கை ஏற்றி, மீதியை விதிமுறைப்படி கழிவில் போட்டோம். அடுத்த மாதம் ஐயா சிரித்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, புண் அரைவாசி மூடிட்டுது. ரெண்டாவதை எடுங்கோ."

மறுபடி உயிரணு எடுத்து வளர்க்க மூன்று மாதம் வேண்டும். காலை வெட்டாமல் வைத்திருக்க டொக்டர் கொடுத்த தவணை ஒரு மாதம்.

பிரீசரைத் திறந்து, இல்லாத பையைப் பொறுப்புடன் தேடினேன். அவரும் எட்டிப் பார்த்தார்.

"உந்த மூண்டு தட்டும் சும்மாதானே கிடக்குது?"

"பேர் இருக்குது, ஐயா."

"என்ரை பை எங்கை வைச்சனீங்கள்?"

விரலால் காட்டினேன். குளிர்ப்புகை விலகியது. பித்தளை பளபளத்தது.

"உதிலை ஆற்றை பேர் கிடக்குது, பிள்ளை? நான் கண்ணாடி கொண்டுவரேல்லை."

கூட்டத்தில் "ஓம், சேர்" என்ற அதே வாய் திறந்தது.

"என்ரை, ஐயா."