மேசை காலியாகக் கூடாது

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவின் வலது கணுக்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் உங்கள் தலைவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா இருந்தால் அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு மேலே படியுங்கள்.

மணி பதினொன்று ஆகிறது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சை ஒரு டம்ளருக்குள் நிறுத்திவைத்து எழுதுகிறேன். முன்னறைக் கட்டிலில் அப்பா படுத்திருக்கிறார். காலில் கட்டுப் போட்டதிலிருந்து அவருக்குக் காது கூர்மையாகிவிட்டது. பேனா மூடியைக் கழற்றினால்கூட "யாரது?" என்கிறார். எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தால்தான், படிப்பில் ஒன்றும் குறையில்லை.

அப்பா பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நிரந்தர இடம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. புதிதாக வருகிறவர்கள் பன்னிரண்டு ஞாயிறு விடாமல் கடை போட வேண்டும். ஒரு ஞாயிறு தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சொந்தமாக விளைந்ததைத் தவிர வேறு எதையும் மேசையில் வைக்கக் கூடாது. பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் மேசை காலியாகவும் கூடாது. காலி மேசையைப் பார்த்தால் உள்ளே வருகிறவர்கள், சந்தை முடிந்துவிட்டது என்று திரும்பிப் போய்விடுகிறார்களாம். இதையெல்லாம் கண்காணிக்க ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லோரும் அவரை 'விசில்' என்றுதான் சொல்வார்கள். அப்பா மட்டும் மரியாதையாக 'விசில் சார்' என்பார்.

அப்பா பதினோரு ஞாயிறு முடித்துவிட்டார். பன்னிரண்டாவது ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை, நிரந்தரக் கடைக்கென்று தானே எழுதிய பெயர்ப்பலகையை வாசலில் மாட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பதற்காக இரண்டடி பின்னால் வைத்தார். ஸ்டூல் மேல் நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டார். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் காலில் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா வலிக்காக அழவில்லை அத்தை. பன்னிரண்டாவது ஞாயிறுக்காகத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதனால் அந்த ஞாயிறு நான் போனேன். அம்மா ஆறரை மணிக்கு என்னோடு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலைக்கு ஓடினாள். பக்கத்து மேசையில் தேன் விற்கும் அக்கா "நீ போ, பொண்ண நான் பாத்துக்கறேன்" என்றார். மேசையில் முள்ளங்கி, கீரை, பீட்ரூட், வெங்காயத்தாள் எல்லாம் அடுக்கினேன். அப்பா கடையில் எப்படி நிற்பார் என்று நீங்கள் பார்த்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு, திருட வருகிறவர்களைப் பிடிக்க நிற்பவர் போல நிற்பார். விலை கேட்டால் விலையை மட்டும் சொல்வார். எனக்கு அப்படி நிற்கத் தெரியவில்லை. பயத்தில் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒருவர் "இந்த முள்ளங்கி காரமா இருக்குமா?" என்று கேட்டார். "தெரியல சார், எனக்கு முள்ளங்கியே பிடிக்காது. ஆனா நேத்து சாயந்திரம் நான்தான் பிடுங்கினேன், வர மாட்டேன்னு அடம் பிடிச்சுது" என்றேன். அவர் சிரித்துவிட்டு மூன்று கட்டு வாங்கினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்துவிட்டு வாங்கினார்கள். எட்டு ஐம்பதுக்கு மேசையில் ஒரு பீட்ரூட் மட்டும் இருந்தது. அதையும் ஒரு தாத்தா வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அப்பா பதினோரு வாரத்தில் ஒருநாள்கூட இப்படி விற்றதில்லை. நான் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே விசில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, மேசை காலி?"

"எல்லாம் வித்துப் போச்சு சார்."

"வித்துப் போச்சுன்னா? மணி ஒன்பதுகூட ஆகல. விதி என்னன்னு உங்கப்பா சொல்லலயா?"

"எங்கப்பா கடையில அந்த விதிக்கு இதுவரைக்கும் வேலை வரல சார்."

தேன்கார அக்கா இருமுவது போலச் சிரித்தார். விசில் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் தரேன். உங்க தோட்டத்துல விளைஞ்சது ஏதாவது இந்த மேசை மேல இருக்கணும். இல்லேன்னா பன்னிரண்டாவது வாரம் கணக்குல வராது" என்றார். நன்றாக விற்றதற்காகத் தண்டனை வாங்கியவள் அந்தச் சந்தையிலேயே நான் ஒருத்திதானாம், அக்கா பிறகு சொன்னார்.

அக்காவிடம் மேசையை ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். விற்கிற மாதிரி இருந்ததையெல்லாம் முந்தின நாளே பறித்துவிட்டோம். மிச்சம் இருந்தது நான்கு பாத்தி கேரட் மட்டும்தான். அத்தை, இந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்தக் கேரட் சாதாரணக் கேரட் இல்லை. நிரந்தர இடம் கிடைத்த முதல் ஞாயிறு மேசை முழுக்கக் கேரட்டை மட்டும் குவித்து வைக்க வேண்டும் என்று அப்பா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அந்தப் பாத்திப் பக்கம் போகக் கூடாது. களை எடுக்கக்கூட அவரேதான் போவார். அது இன்னும் என் சுண்டுவிரல் அளவுகூட வளரவில்லை. நான் ஒரு நிமிடம் யோசித்தேன். அரை நிமிடமாகவும் இருக்கலாம். கேரட்டைப் பிடுங்கினால் அப்பா வருத்தப்படுவார், பிடுங்காவிட்டால் பன்னிரண்டு வாரமும் போய்விடும் என்று தோன்றியது. பிறகு நான்கு பாத்தியையும் பிடுங்கிவிட்டேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. டிப்போ குழாயில் மண்ணைக் கழுவி, சாக்கில் போட்டு, ஒன்பது இருபத்தெட்டுக்கு மேசையில் கொட்டினேன். எலி வால்களைக் குவித்து வைத்தது போல இருந்தது. அக்கா கொடுத்த நூலால் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தேன்.

இதை யாரும் வாங்கமாட்டார்கள், பன்னிரண்டு மணி வரை பத்திரமாக மேசையில் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். முதலில் வந்தவர் ஏதோ பெரிய ஹோட்டல் சமையல்காரர். ஒன்றைக் கடித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார். "இவ்வளவு சின்னதா எங்கம்மா கிடைக்குது? முழுசா அப்படியே தட்டுல வைக்கலாமே" என்று நாலு கட்டு கேட்டார். அவர் வாங்குவதைப் பார்த்து மற்றவர்கள் வந்துவிட்டார்கள். மறுபடி காலியாகிவிடுமோ என்று பயந்தேன். அதனால் விற்காமல் இருப்பதற்கு முயற்சி செய்தேன். "இது இன்னும் வளரவே இல்ல" என்றேன். "பிஞ்சுதான் நல்லது" என்றார்கள். "மண் வாசம் அடிக்கும்" என்றேன். "அதுக்குத்தான் சந்தைக்கு வரோம்" என்றார்கள். விலையை ஏற்றினேன். வரிசை நீண்டது. ஒரு ஆளுக்கு ஒரு கட்டுத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு ஒரே ஒரு கட்டு இருந்தது. பச்சைப் பையோடு ஓர் அம்மா வந்து அதில் கை வைத்தார்.

"இது விக்கிறதுக்கு இல்ல மேடம்."

"விக்கிறதுக்கு இல்லேன்னா எதுக்கு வச்சிருக்க?"

"மேசை காலியா இருக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

நான் விசிலைக் காட்டினேன். அவர் இரண்டு மேசை தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, நான் நிக்கறேன். வேற யாருக்காவது குடுத்தே, பாத்துக்க" என்று இருபது நிமிடம் என் மேசைக்குக் காவல் நின்றார். பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதிய மறு நொடி அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போனார். மேற்பார்வையாளர் வந்து நோட்டில் பன்னிரண்டாவது கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அத்தை, தப்பு செய்தவள் பெருமைப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த டிக்கை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் தரையில் நிற்கமாட்டேன் என்கிறது. பரீட்சையில் நான் வாங்கிய எந்த டிக்கும் இப்படி இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து டிக் போட்டதை மட்டும் சொன்னேன். கேரட்டைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நம்ம கேரட்டுதாம்மா" என்றுவிட்டார். வாயை மூடிக்கொண்டேன். இப்போது சந்தை ஆபீஸ் முடிவைச் சொல்வதற்காகக் காத்திருக்கிறோம். அதுவரை ஞாயிறுகளில் கடை இல்லை. தினமும் சாயந்திரம் அப்பா என்னைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்.

"கேரட் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா. தழை முழங்கால் உயரம்."

"முழங்காலா? யார் முழங்கால்?"

"என்னோடது."

"தழைக்கே எல்லாம் போகுது போல. தண்ணியக் குறை."

நான் குறைத்தேன். காலில் ஈரம் இல்லாமல் வந்தால் நம்பமாட்டார் என்று வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறேன், அதில் குறைத்தேன். எப்போதும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னால் சந்தேகம் வரும் என்று ஐந்தாம் நாள் இரண்டாவது பாத்தியில் பூச்சி விட்டேன். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். மூன்று நாள் பாடுபட்டு அந்தப் பூச்சியைக் கொன்றேன். நேற்று, ஒரு கேரட்டைப் பிடுங்கி வந்து காட்டச் சொன்னார். "யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என்னைப் போல் சொன்ன சொல் கேட்கும் பிள்ளை யாருக்கும் கிடைக்காது என்றார். இதைவிட என்னை அடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஊன்றுகோல் வருகிறது. நடந்து போகும் முதல் இடம் தோட்டம்தான் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்துவது உங்கள் ஒருவர் முன்னால்தான். அதனால் வெள்ளிக்கிழமை காலைக்குள் எப்படியாவது வந்துவிடுங்கள். நான் கேட்பது இரண்டுதான். அப்பா பாத்தியைப் பார்க்கும்போது எனக்கும் அவருக்கும் நடுவில் நில்லுங்கள். அவர் சின்ன வயதில் செய்த தப்பு இரண்டு மூன்றை நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள், அவர் வாயைத் திறந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள், கடிதத்தை மட்டும் காட்ட வேண்டாம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இந்த வெள்ளிக்கிழமை நேரிலேயே வேண்டும்.

இப்படிக்கு,
பயத்துடனும் பணிவுடனும்,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: கடித உறை அப்பாவின் தலைமாட்டு அலமாரியில் இருந்தது. மெதுவாகக் கையை விட்டேன். உறை வந்தது, அதோடு சந்தை ஆபீஸ் முத்திரை போட்ட ஒரு கடிதமும் வந்தது. வரும் மாதத்திலிருந்து ஏழாம் எண் மேசை எங்களுக்கு நிரந்தரம் என்று அதில் இருந்தது. தேதி ஐந்து நாள் பழையது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா கண்ணைத் திறந்து படுத்திருக்கிறார்.

"விசில் சார் மறுநாள் திங்கக்கிழமையே தோட்டத்தப் பாக்கப் போனாராம். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் இங்க வந்தாரு. கேரட்டு வெளியில வாங்கினதோன்னு அவருக்குச் சந்தேகம். நாலு பாத்தியிலயும் குழியப் பாத்தப்புறம்தான் நம்பினாராம்."

"அப்ப உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"அன்னிக்கு நாள் பூரா சோறு இறங்கல. அப்புறம் சாயந்திரம் நீ வந்து முழங்கால் உயரம்னு சொன்னியா, மனசு சரியாப் போச்சு. நான் தெரியும்னு சொன்னா நீ நிறுத்திடுவியே. பூச்சி வந்த அன்னிக்கு, கேரட்டே இல்லன்னு தெரிஞ்சும் எனக்குத் தூக்கம் வரலம்மா."

நான் அழுதேன். கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன். அப்புறம்தான் அப்பா குரலைத் தாழ்த்தி, தான் தினமும் ராத்திரி அதையெல்லாம் அம்மாவிடமும் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னார். நான் முழங்கால் என்றதை அவர் இடுப்பு என்று சொல்லியிருக்கிறார். அம்மா அந்தக் கேரட்டை நம்பி ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இனி வரமாட்டேன் என்று சலவைக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை லீவும் போட்டிருக்கிறாள், அப்பா கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போக.

"அக்காவுக்குத்தானே எழுதற? வரச் சொல்லு. ஆனா எனக்காக வரச் சொல்லு" என்கிறார்.

எனவே அத்தை, கட்டாயம் வாருங்கள். கடிதத்தைத் திரும்ப எழுத டார்ச்சில் பேட்டரி இல்லை. மேலே நான் பயந்ததாக எழுதிய இடங்களிலெல்லாம் 'நான்' என்பதை 'உங்கள் தம்பி' என்று படித்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட்ட இடங்களை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.